வெளியே இருக்கும் தரவை ஆக்சஸ், பேஸ் நிரல்களில் இணைப்பது: வாசகர் கேள்வி-பதில்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், லிப்ரெ ஆபீஸ் பேஸ் போன்ற தரவுத்தள நிரல்களை வேறோர் இடத்தில் இருக்கும் தரவோடு இணைப்பது பற்றிக் கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். மெனு பெயர்கள் உங்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே அவற்றை உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் எக்செல் கோப்பில் இருக்கிறது. அதை ஆக்சஸில் லிங்க் செய்து, அழகாக ஒரு ஃபார்ம் போட்டேன். பார்க்க முடிகிறது, திருத்த முடியவில்லை. போதாக்குறைக்குச் சில உறுப்பினர்களின் அடையாளக் கார்டு எண் இருக்க வேண்டிய இடத்தில் '#நம்!' என்று வருகிறது. (சங்கச் செயலாளர், செந்தூல்)

இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். முதலில் திருத்த முடியாமை. ஆக்சஸிலிருந்து லிங்க் செய்த எக்செல் தாளில் எழுதும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. ஒரு காப்புரிமை வழக்கிற்குப் பிறகு 2005 வாக்கில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. எனவே உங்கள் ஃபார்மில் எந்தக் குறையும் இல்லை. எக்செல் லிங்க் என்றால் பார்க்க மட்டும்தான்.

அடுத்து '#நம்!'. லிங்க் செய்யும்போது ஒவ்வொரு பத்தியிலும் இருப்பது எண்ணா, எழுத்தா, தேதியா என்பதை ஆக்சஸ் முதல் 8 வரிசைகளை வைத்து முடிவு செய்கிறது. அந்த 8 பேரின் கார்டு எண்ணும் கோடு இல்லாமல் வெறும் எண்ணாகத் தட்டப்பட்டிருந்தால், பத்தி முழுவதும் எண் என்று தீர்மானித்துவிடும். ஒன்பதாவது ஆளின் எண்ணை யாரோ நடுவில் கோடு போட்டுத் தட்டியிருந்தால் அது எண்ணாகத் தேறாது, அங்கேதான் '#நம்!' வருகிறது. லிங்க் செய்யும்போது இந்த முடிவை மாற்ற வழியில்லை.

இதைவிட மோசமான ஒன்று உங்கள் கண்ணில் இன்னும் படாமல் இருக்கலாம். 2000இல் தொடங்கி 2009 வரை பிறந்தவர்களின் கார்டு எண் சுழியத்தில் தொடங்கும். எக்செல் முன்சுழியத்தை விழுங்கிவிடும். 2007இல் பிறந்தவருக்கு 12 இலக்கம் 11 ஆகும். 2000 மே மாதம் பிறந்தவருக்கு மூன்று சுழியமும் போய் 9 இலக்கம்தான் மிஞ்சும். கைத்தொலைபேசி எண்ணிலும் இதே கதை. அஞ்சல் குறியீட்டில் கோலாலம்பூர், பினாங்கு உறுப்பினர்களுக்குத் தொல்லை இல்லை. அலோர் ஸ்டார் 05000, கங்கார் 01000 என்று எழுதும் உறுப்பினர் வந்தவுடன் தெரியும்.

சரிசெய்ய: எக்செல்லில் பக்கத்தில் ஒரு புதிய பத்தி சேருங்கள். 'சப்ஸ்டிட்யூட்' சார்பால் கோடுகளை நீக்கி, 'வேல்யூ'வால் எண்ணாக்கி, 'டெக்ஸ்ட்' சார்பில் பன்னிரண்டு சுழியம் கொண்ட வடிவம் கொடுத்தால், எல்லா எண்ணும் 12 இலக்க எழுத்தாக வந்துவிடும். அந்தப் பத்தியை நகலெடுத்து, 'பேஸ்ட் வேல்யூஸ்' மூலம் மதிப்பாக ஒட்டிய பிறகு பழைய பத்தியை அழியுங்கள். பழைய பத்தியின் ஃபார்மட்டை மட்டும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் போதாது. ஏற்கெனவே தட்டிய எண்கள் எண்ணாகவே இருக்கும்.

ஆனால் எங்கள் ஆலோசனை, லிங்க் வேண்டாம், இம்போர்ட் (தரவை ஆக்சஸுக்குள்ளேயே நகலெடுப்பது) செய்யுங்கள் என்பதே. 'எக்ஸ்டர்னல் டேட்டா', 'நியூ டேட்டா சோர்ஸ்', 'ஃப்ரம் ஃபைல்', 'எக்செல்' என்று போனால் முதல் திரையிலேயே இம்போர்ட்டா, லிங்க்கா என்று கேட்கும். இம்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த திரைகளில் ஒவ்வொரு பத்தியின் வகையையும் நீங்களே சொல்லலாம். கார்டு எண், தொலைபேசி, அஞ்சல் குறியீடு மூன்றுக்கும் 'ஷார்ட் டெக்ஸ்ட்'. முதன்மைச் சாவியை (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் எண்) ஆக்சஸே சேர்க்கட்டும். கார்டு எண்ணைச் சாவியாக வைக்காதீர்கள். தட்டச்சுப் பிழையைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் சந்தா அட்டவணை, ரசீது அட்டவணை எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டிவரும்.

இம்போர்ட் முடிந்ததும் அந்த எக்செல் கோப்பின் பெயரிலேயே 'பழையது' என்று சேர்த்து ஓரமாக வைத்துவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு இடத்தில் திருத்தினால் எது சரியான பட்டியல் என்று ஆண்டுக் கூட்டத்தில் வாதாட வேண்டியிருக்கும்.

கேள்வி: மைஎஸ்கியூஎல் சேவையகத்துக்கான ஓடிபிசி டிரைவரை நிறுவினேன். டிஎஸ்என்னும் உருவாக்கி 'டெஸ்ட்' அழுத்தினால் வெற்றி என்கிறது. ஆனால் ஆக்சஸில் இணைக்கப் போனால் டிரைவருக்கும் நிரலுக்கும் கட்டமைப்பு பொருந்தவில்லை என்ற பிழை. (உதிரிபாகக் கிடங்கு ஊழியர், பாயான் லெப்பாஸ்)

32 பிட், 64 பிட் குழப்பம். (மைஎஸ்கியூஎல் என்பது தரவைச் சேவையகத்தில் வைக்கும் தரவுத்தள நிரல். ஆக்சஸ் அதனோடு பேச உதவும் இடைநிரல் ஓடிபிசி டிரைவர். எந்தச் சேவையகம், எந்த டிரைவர் என்ற விவரங்களை ஒரு பெயரில் சேமித்து வைப்பது டிஎஸ்என்.) டிரைவர் விண்டோஸுக்குப் பொருந்தினால் போதாது, ஆக்சஸுக்குப் பொருந்த வேண்டும். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் உள்ளே நிறுவியிருக்கும் ஆபீஸ் 32 பிட்டாக இருக்கலாம். பழைய அலுவலகக் கணினிகளில் இது சர்வசாதாரணம். ஆக்சஸில் 'ஃபைல்', 'அக்கவுண்ட்', 'அபவுட் ஆக்சஸ்' என்று போய், மேலே இருக்கும் முதல் வரியைப் பாருங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதே பிட்டுக்கான டிரைவரை நிறுவுங்கள். இரண்டையும் ஒரே கணினியில் நிறுவினாலும் சண்டை வராது.

டிஎஸ்என் உருவாக்கும் ஓடிபிசி நிர்வாகக் கருவியும் இரண்டு உண்டு. இரண்டுக்கும் ஒரே கோப்புப் பெயர். 64 பிட் கருவி இருப்பது 'சிஸ்டம்32' என்ற கோப்புறையில். 32 பிட் கருவி இருப்பது 'சிஸ்வாவ்64' என்ற கோப்புறையில். எழுத்துப்பிழை இல்லை, பெயர்கள் உண்மையிலேயே தலைகீழாகத்தான் இருக்கின்றன. 'ஸ்டார்ட்' மெனுவில் ஓடிபிசி என்று தேடினால் பிட் எண்ணோடு இரண்டும் தனித்தனியாக வரும், அதுவே பாதுகாப்பான வழி. நீங்கள் ஒன்றில் சோதித்துவிட்டு ஆக்சஸ் மற்றதில் தேடினால் 'தரவு மூலத்தின் பெயர் கிடைக்கவில்லை' என்ற பிழைதான் வரும்.

டிரைவர் பட்டியலில் 'ஆன்சி', 'யூனிகோட்' என்று இரண்டு தெரியும். கண்ணை மூடிக்கொண்டு யூனிகோடைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் தரவே இல்லை என்றாலும் நாளைக்கு வரும்.

'யூசர் டிஎஸ்என்' உங்கள் விண்டோஸ் கணக்குக்கு மட்டும் தெரியும். அடுத்த ஷிப்டில் வருபவர் தம் கணக்கில் நுழைந்தால் அவருக்கு இருக்காது. 'சிஸ்டம் டிஎஸ்என்' அந்தக் கணினியில் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாறு கணினிகளுக்கு ஒரே ஆக்சஸ் கோப்பைக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் 'ஃபைல் டிஎஸ்என்' வழியாக லிங்க் செய்யுங்கள். அப்படிச் செய்தால் சேவையக முகவரி, போர்ட் (சேவையகம் காது கொடுக்கும் வாசல் எண்), டிரைவர் பெயர் எல்லாம் லிங்க் செய்த அட்டவணைக்குள்ளேயே பதிந்துவிடும். மற்றக் கணினிகளில் டிஎஸ்என் உருவாக்கத் தேவையில்லை, டிரைவர் மட்டும் நிறுவினால் போதும்.

கேள்வி: கடைக் கணக்குக்கு ஒரு கணினியில் மைஎஸ்கியூஎல் ஓடுகிறது. அந்தக் கணினியிலேயே ஆக்சஸ் நன்றாக இணைகிறது. பின்பக்க அறையிலிருக்கும் கணினியிலிருந்து இணைக்க முடியவில்லை. 'பிங்' செய்தால் பதில் வருகிறது. (துணிக்கடை, பிரிக்பீல்ட்ஸ்)

பிங் பதில் தருவதால் வயர் சரி என்று மட்டும்தான் தெரியும். பிழைச் செய்தியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். எங்கே தடை என்பதை அது சொல்லிவிடும்.

2003 என்ற எண்ணோடு அடைப்புக்குறிக்குள் 10061 இருந்தால், போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை: ஒன்று மைஎஸ்கியூஎல் ஓடவில்லை, அல்லது தன் கணினிக்கு மட்டும் பதில் சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 'மை' என்ற பெயர்கொண்ட ஐஎன்ஐ கோப்பில் (விண்டோஸில் 'புரோகிராம்டேட்டா' என்ற மறைவான கோப்புறைக்குள், மைஎஸ்கியூஎல் கோப்புறையில் இருக்கும்) 'பைண்ட்-அட்ரஸ்' என்ற வரியைத் தேடுங்கள். அதில் 127.0.0.1 என்றிருந்தால் வெளிக் கணினிக்குக் கதவு மூடியிருக்கிறது. உபுண்டுவில் நிறுவினால் ஆரம்பத்திலேயே இப்படித்தான் வரும். வரியை அந்தக் கணினியின் கடை ஐபி முகவரிக்கு, அல்லது 0.0.0.0 என்று மாற்றி, சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். தொடங்காவிட்டால் மாற்றம் ஏறாது.

அதே 2003, ஆனால் உள்ளே 10060 என்றால், கேட்ட கேள்வி பாதியில் காணாமல் போகிறது. பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வாலின் வேலை. சேவையகக் கணினியில் 3306 போர்ட்டுக்கு உள்வரும் விதி ஒன்று சேர்க்க வேண்டும். விதி 'பிரைவேட்' பிணையத்துக்குப் போட்டிருந்து, விண்டோஸ் உங்கள் கடை வைஃபையை 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருந்தால் விதி இருந்தும் பயனில்லை. இதில்தான் பலர் அரைநாள் தொலைக்கிறார்கள். பிணைய அமைப்பில் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். போர்ட்டை 'பப்ளிக்' பிணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

1130 என்றால் சேவையகம் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், ஆனால் அந்தக் கணினியிலிருந்து வர உங்களுக்கு அனுமதி இல்லை. மைஎஸ்கியூஎல்லில் பயனர் என்பது பெயர் மட்டுமல்ல, பெயரும் அவர் வரும் இடமும் சேர்ந்தது. 'லோக்கல்ஹோஸ்ட்'டிலிருந்து வரும் 'கடை'யும் 192.168.1.% முகவரிகளிலிருந்து வரும் 'கடை'யும் இரண்டு தனிப் பயனர்கள். இரண்டாவதை உருவாக்கி, தேவையான தரவுத்தளத்துக்கு மட்டும் பார்க்க, சேர்க்க, திருத்த உரிமை கொடுங்கள். அழிக்கும் உரிமை கணக்கருக்கு மட்டும் போதும். 1045 வந்தால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. இடத்துக்குப் பொருந்தாத பயனராக இருந்தாலும் சில நேரம் இதே எண் வரும்.

சோதிக்க எளிய வழி: பின்பக்கக் கணினியில் பவர்ஷெல் திறந்து 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' கட்டளையோடு சேவையக முகவரி, 'போர்ட்' தேர்வு, 3306 கொடுங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' வந்தால் பிணையம் சரி, இனி பயனர் உரிமையைப் பாருங்கள். 'ஃபால்ஸ்' வந்தால் ஆக்சஸை மூடிவிட்டு ஃபயர்வாலையும் 'பைண்ட்-அட்ரஸ்' வரியையும் பாருங்கள்.

எல்லாம் சரியாகி, ஒரு வாரம் கழித்துத் திடீரென்று நின்றுபோனால் சேவையகத்தின் ஐபி மாறியிருக்கும். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கி வையுங்கள். எக்ஸாம்ப் தொகுப்பில் 'மைஎஸ்கியூஎல்' என்ற பெயரில் வருவது (உண்மையில் மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி) என்றால் இன்னொன்று: அதில் 'ரூட்' பயனருக்குக் கடவுச்சொல்லே இருக்காது. அதை வைக்காமல் போர்ட்டைத் திறக்கவே கூடாது.

கேள்வி: லிங்க் செய்த அட்டவணையைத் திறந்தால் எல்லாக் கட்டத்திலும் '#டெலிட்டட்' என்று வருகிறது. சேவையகத்தில் பார்த்தால் தரவு பத்திரமாக இருக்கிறது. (கணக்காளர், ஜார்ஜ் டவுன்)

பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. ஆக்சஸ் முதலில் சாவிகளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு 'இந்தச் சாவிக்குரிய வரிசையைக் கொடு' என்று திரும்பக் கேட்கும். சேவையகத்தில் இருக்கும் சாவியும் ஆக்சஸ் நினைவில் வைத்திருக்கும் சாவியும் ஒரு மயிரிழை வேறுபட்டாலும் 'அப்படி ஒன்று இல்லை' என்றுதான் பதில் வரும். ஆக்சஸ் அதை அழிந்துபோனதாக எடுத்துக்கொள்கிறது.

வழக்கமான காரணம், சாவிப் பத்தி 'பிக்இன்ட்' (மிகப் பெரிய முழு எண்) வகையாக இருப்பது. புதிய ஆக்சஸில் 'ஆப்ஷன்ஸ்', 'கரண்ட் டேட்டாபேஸ்' பகுதியில் லிங்க் செய்த அட்டவணைகளுக்கு பிக்இன்ட் ஆதரவு என்ற தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டு லிங்க்கைப் புதுப்பியுங்கள். ஆனால் அந்தத் தேர்வைப் போட்ட கோப்பைப் பழைய ஆக்சஸில் திறக்க முடியாமல் போகலாம். எல்லாரும் ஒரே பதிப்பில் இல்லை என்றால் மைஎஸ்கியூஎல் ஓடிபிசி டிரைவரின் அமைப்பிலேயே பிக்இன்ட்டை இன்ட்டாகக் காட்டும் தேர்வு இருக்கிறது. சேவையகம் உங்கள் கையில் இருந்தால் சாவியை 'இன்ட்' என்று மாற்றிவிடுவதுதான் நேர்வழி. 200 கோடிக்கு மேல் பில் போடும் கடை நம்மிடையே இல்லை.

தேதி-நேரத்தைச் சாவியாக வைத்தாலும், தசம எண்ணைச் சாவியாக வைத்தாலும், சேமிக்கும்போது சாவியை மாற்றும் 'டிரிகர்' (சேவையகத்தில் தானாக ஓடும் கட்டளை) இருந்தாலும் இதே விளைவுதான்.

கூடவே வரும் இன்னொரு தலைவலி: ஒரே ஆள் திருத்திச் சேமிக்கும்போதே 'வேறொருவர் இந்த வரிசையை மாற்றிவிட்டார்' என்று ஆக்சஸ் மறுப்பது. ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு 'டைம்ஸ்டாம்ப்' பத்தி சேருங்கள் (மைக்ரோசாஃப்டின் சேவையகத் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வரில் அதன் பெயர் 'ரோவெர்ஷன்'). அது இருந்தால் ஆக்சஸ் எல்லாப் பத்திகளையும் ஒப்பிடாமல் அந்த ஒன்றை மட்டும் பார்க்கும். மைஎஸ்கியூஎல் டிரைவரில், மாறிய வரிசைகளுக்குப் பதில் பொருந்திய வரிசைகளின் எண்ணிக்கையைத் திருப்பும் தேர்வையும் போடுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் ஆம்/இல்லை என்ற 'பிட்' பத்தி காலியாக விடப்பட்டிருந்தாலும் இதே மறுப்பு வரும். அதற்கு இயல்பு மதிப்பாக 0 கொடுங்கள், பழைய காலிகளையும் 0 ஆக்குங்கள்.

சேவையகத்தில் பத்தி சேர்த்தால் ஆக்சஸுக்குத் தானாகத் தெரியாது. 'லிங்க்டு டேபிள் மேனேஜர்' திறந்து புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: தமிழில் தட்டிய பெயர்கள் சில இடத்தில் கேள்விக்குறியாகவும், சில இடத்தில் விநோதக் குறியாகவும் வருகின்றன. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா? (தமிழ்ப்பள்ளி அலுவலகம், பட்டர்வொர்த்)

எழுத்துருவை மாற்றிச் சரியாவது ஒரே ஒரு நிலையில்தான்: எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வந்தால். அப்போது தரவு சரி, எழுத்துரு இல்லை.

மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'-யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், தமிழ் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறிமுறையில் சேமிக்கப்பட்டு, மேற்கத்திய குறிமுறையாகப் படிக்கப்படுகிறது. தமிழ் எழுத்து, புள்ளி, உயிர்க்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. அதனால்தான் அதே குறிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தரவு உள்ளே முழுசாக இருக்கிறது. படிக்கும் பக்கத்தைத் திருத்தினால் போதும்: ஆக்சஸ் என்றால் யூனிகோட் டிரைவர், சிஎஸ்வி கோப்பு (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) என்றால் இம்போர்ட் திரையில் 'அட்வான்ஸ்டு' அழுத்திக் குறியீட்டுப் பக்கம் 65001, லிப்ரெ ஆபீஸ் பேஸ் என்றால் 'எடிட்', 'டேட்டாபேஸ்', 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் எழுத்துத் தொகுப்பு யூடிஎஃப்-8. ஒரு எச்சரிக்கை: விநோதக் குறியாகத் தெரியும் நிலையில் எதையும் சேமிக்காதீர்கள். சேமித்தால் குறிகளே தரவாகிவிடும்.

கேள்விக்குறி வந்தால் நிலைமை வேறு. யூனிகோட் டிரைவரில் பார்த்தும் கேள்விக்குறியே என்றால், சேமித்த இடத்தில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டது. அதைத் திருப்பிப் பெற முடியாது. மூலப் படிவத்தைத்தான் தேட வேண்டும். மூன்று இடத்தில் இது நடக்கும். எக்செல்லில் 'சிஎஸ்வி' என்று மட்டும் சேமிப்பது (பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக இருக்கிறது, அதுதான் வேண்டும்). எஸ்கியூஎல் சர்வரில் 'என்வார்கார்' இருக்க வேண்டிய பத்தியை 'வார்கார்' என்று வைப்பது. மைஎஸ்கியூஎல்லில் பழைய 'லத்தீன்1' அட்டவணை. கடைசியதை 'யூடிஎஃப்8எம்பி4' ஆக மாற்றுங்கள். பழைய மூன்று பைட் 'யூடிஎஃப்8' நம் அன்றாடத் தமிழுக்குப் போதும்தான். ஆனால் பெற்றோர் படிவத்தில் யாரோ ஒரு சிரிப்பு முகம் போட்டால் அந்த வரிசை சேமிக்காமல் நிற்கும்.

பத்தியின் நீளத்தையும் பாருங்கள். 'சுப்பிரமணியம்' நம் கண்ணுக்கு 8 எழுத்து. கணினிக்குப் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி, ஆக 13. ஆங்கிலப் பெயருக்கு 30 என்று வைத்திருந்தால் தமிழுக்கு 80 வையுங்கள்.

பள்ளியில் 2000க்கு முற்பட்ட பட்டியல்கள் இருந்தால் அவை பெரும்பாலும் யூனிகோடே அல்ல. நம் நாட்டிலேயே உருவான முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளிலோ டிஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறிமுறை) எழுத்துருக்களிலோ தட்டியவை. டிஸ்கியில் 'கெ' என்பதன் கொம்பு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். ஆகவே ஒரு குறியைத் தேடி இன்னொன்றை இடும் 'ஃபைண்ட்-ரிப்ளேஸ்' வேலைக்கு ஆகாது. மாற்றி நிரலைக் கொண்டு மாற்றி, ஐம்பது பெயரையாவது ஒருவர் கண்ணால் சரிபார்த்த பிறகே தரவுத்தளத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: ஆக்சஸ் வாங்க வசதியில்லை. லிப்ரெ ஆபீஸ் பேஸில் கோயில் நன்கொடையாளர் பட்டியலை மரியாடிபி சேவையகத்தோடு இணைக்க முடியுமா? பட்டியலை வைத்து ரைட்டரில் கடிதமும் அடிக்க வேண்டும். (கோயில் தொண்டர், ஆயர் ஈத்தாம்)

தாராளமாக முடியும். பேஸைத் திறந்தால் வரும் வழிகாட்டியில் மூன்றாவது தேர்வு, ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்தோடு இணைப்பது. பட்டியலில் மைஎஸ்கியூஎல்/மரியாடிபி. அடுத்து மூன்று வழி கேட்கும்: ஓடிபிசி, ஜேடிபிசி (ஜாவா வழியான டிரைவர்), நேரடி. நேரடியை எடுங்கள், டிரைவர் லிப்ரெ ஆபீஸுக்குள்ளேயே வருகிறது, ஜாவா வேண்டாம். தரவுத்தளப் பெயர், சேவையக முகவரி, போர்ட் 3306, பயனர் பெயர் கொடுத்துச் சோதனை பொத்தானை அழுத்துங்கள். கடைசித் திரையில் தரவுத்தளத்தைப் பதிவு செய்யவா என்ற கேள்விக்கு 'ஆம்' சொல்லுங்கள். அந்த ஒரு 'ஆம்' இல்லாவிட்டால் ரைட்டர் உங்கள் பட்டியலைப் பார்க்காது. பதிவானபின் ரைட்டரில் 'வியூ' மெனுவிலிருந்து 'டேட்டா சோர்ஸஸ்' பலகத்தைத் திறந்து, பத்தித் தலைப்பை இழுத்துக் கடிதத்தில் விட்டால் பெயரும் முகவரியும் தாமே நிரம்பும்.

சேவையகம் மரியாடிபி என்பது நல்லது. மைஎஸ்கியூஎல் 8 ஆக இருந்தால் அதன் புதிய கடவுச்சொல் முறையை நேரடி டிரைவர் ஏற்காமல் 'கேஷிங் ஷா2' செருகு நிரலை ஏற்ற முடியவில்லை என்று மறுக்கக்கூடும். அப்போது ஜேடிபிசி வழி. 64 பிட் லிப்ரெ ஆபீஸுக்கு 64 பிட் ஜாவா. 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'கிளாஸ் பாத்' அழுத்தி டிரைவரின் ஜார் கோப்பைச் சேர்த்து, லிப்ரெ ஆபீஸை முழுவதும் மூடித் திறக்க வேண்டும்.

ஜேடிபிசியில் நம் ஊர் ஆட்களுக்கே உரிய ஒரு பிழை உண்டு. விண்டோஸ் நம் நேர மண்டலத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'மலாய் பெனின்சுலா ஸ்டாண்டர்ட் டைம்'. 8.0.23க்கு முந்தைய டிரைவருக்கு அந்தப் பெயர் புரியாது, இணைப்பையே மறுத்துவிடும். புதிய டிரைவரை இறக்குங்கள், அல்லது சேவையகத்தின் ஐஎன்ஐ கோப்பில் 'டிஃபால்ட்-டைம்-ஸோன்' என்ற வரியில் +08:00 என்று எழுதுங்கள்.

இணைந்தபின் அட்டவணையில் புதிய வரிசை சேர்க்க முடியவில்லையா? முதன்மைச் சாவி இல்லாத அட்டவணையை பேஸ் பார்க்க மட்டுமே விடும். சேவையகத்தில் சாவி சேர்த்து, 'வியூ' மெனுவில் அட்டவணைகளைப் புதுப்பியுங்கள். கால்க் தாளையோ சிஎஸ்வி கோப்புறையையோ இணைத்தால் சாவி இருந்தாலும் எழுத முடியாது. அது அந்த இணைப்பின் இயல்பு.

சிஎஸ்வி இணைக்கும்போது கேட்பது கோப்பை அல்ல, கோப்புறையை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிஎஸ்வியும் ஓர் அட்டவணையாக வரும். நம் முகவரிகளில் 'எண் 12, ஜாலான்..., தாமான்...' என்று காற்புள்ளி நிறைய. மேற்கோள்குறிக்குள் இல்லாத முகவரி பத்தி மாறி ஓடும், நன்கொடைத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் தாமான் பெயர் நிற்கும். பிரிப்பானாகக் காற்புள்ளிக்குப் பதில் டேப் வைத்துச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஜூன் 5 வசூலைக் கேட்டால் மே 6 வசூல் வருகிறது. ஜூன் 13 கேட்டால் சரியாக வருகிறது! (உணவகக் கணக்கர், ஜாலான் ஈப்போ)

ஆக்சஸின் எஸ்கியூஎல் பார்வையிலும் அதன் நிரல்மொழியான விபிஏவிலும் '#' குறிகளுக்கு இடையில் எழுதும் தேதி அமெரிக்க வரிசை: மாதம் முன்னே, நாள் பின்னே. விண்டோஸ் மலேசிய அமைப்பில் இருந்தாலும் அப்படியே. 13ஆம் மாதம் கிடையாது என்பதால் ஜூன் 13ஐ மட்டும் தானே புரட்டிப் படித்துக்கொள்கிறது. அதனால்தான் 12ஆம் தேதி வரை தவறும் அதன்பின் சரியும் வருகிறது. #2025-06-05# என்று ஆண்டை முன்வைத்து எழுதுங்கள். சேவையகத்துக்கே நேராகப் போகும் 'பாஸ்-த்ரூ' வினவலில் '#' வேண்டாம், ஒற்றை மேற்கோள்குறி போதும்.

கேள்வி: இணைப்பு வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம். (மருந்தகம், செராஸ்)

நீங்கள் எழுதிய வினவலை ஓடிபிசி வழியாகச் சேவையகம் புரிந்துகொண்டால் பத்து வரிசை மட்டும் வரும். அதில் ஆக்சஸுக்கு மட்டும் தெரிந்த 'என்இஸட்' சார்போ, நீங்களே எழுதிய விபிஏ சார்போ வடிகட்டும் இடத்தில் இருந்தால் அட்டவணை முழுவதும் உங்கள் கணினிக்கு இழுக்கப்பட்டு இங்கே சலிக்கப்படும். ஆக்சஸுக்குள் இருக்கும் ஒரு சிறு அட்டவணையைச் சேவையக அட்டவணையோடு சேர்த்தாலும் அதே. கனமான அறிக்கைகளை 'பாஸ்-த்ரூ' வினவலாக மாற்றுங்கள்; தேடும் பத்திகளுக்குச் சேவையகத்தில் 'இண்டெக்ஸ்' போடுங்கள். ஃபார்ம் திறக்கும்போதே எல்லா மருந்தையும் கொண்டுவராமல், பெயர் தட்டிய பிறகு தேடும்படி அமையுங்கள்.

கேள்வி: இணையதளத்தின் மைஎஸ்கியூஎல்லை வீட்டிலிருந்து ஆக்சஸில் இணைக்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் ஐபி முகவரி கேட்கிறது, எங்கள் வீட்டு முகவரியோ மாறிக்கொண்டே இருக்கிறது. '%' போட்டு எல்லாருக்கும் திறந்துவிடலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

கூடாது. உலகம் முழுவதும் 3306ஐத் தட்டிப்பார்க்கும் தானியங்கிகள் ஓய்வில்லாமல் சுற்றுகின்றன. எஸ்எஸ்எச் (மறையாக்கம் செய்த இணைப்பு) வசதி கேளுங்கள். விண்டோஸ் 10, 11இல் எஸ்எஸ்எச் கட்டளை கூடவே வருகிறது: கட்டளைக்குப் பின் சிறுகோடும் பெரிய எழுத்து 'எல்'லும், அதன்பின் 3307:127.0.0.1:3306, கடைசியில் பயனர்@சேவையகம். அந்தச் சாளரத்தை மூடாமல் வைத்துக்கொண்டு, ஓடிபிசி அமைப்பில் முகவரி 127.0.0.1, போர்ட் 3307 கொடுங்கள். சேவையகத்துக்கு நீங்கள் உள்ளிருந்து வருவதாகத் தெரியும். வீட்டு ஐபி எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை. 3307 எதற்கென்றால், உங்கள் கணினியிலேயே ஒரு மைஎஸ்கியூஎல் இருந்து 3306ஐ ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கலாம்.

லிங்க் செய்யும்போது 'சேவ் பாஸ்வேர்ட்' கட்டத்தில் குறி போடாதீர்கள். போட்டால் கடவுச்சொல் ஆக்சஸ் கோப்புக்குள் மறையாக்கம் இல்லாமல் பதியும். கோப்பை நகலெடுத்தவர் எவரும் படிக்கலாம். வாடிக்கையாளரின் கார்டு எண்ணும் தொலைபேசியும் அதில் இருந்தால், 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வணிகத்துக்காக அவற்றைச் சேகரித்தவருக்கு அவற்றைக் காக்கும் பொறுப்பும் உண்டு. ஆக்சஸ் கோப்புக்கும் 'ஃபைல்', 'இன்ஃபோ' பகுதியில் கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்யுங்கள். அதற்குமுன் கோப்பை 'ஓப்பன் எக்ஸ்க்ளூசிவ்' என்று திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது.